வெட்டாத சட்டை

ஒரு மஞ்சள் பை, ஒரு அரிசிச் சாக்கு.
இரண்டையும் என் மிஷின் பலகையில் கவிழ்த்து
"எல்லாத்தையும் சேர்த்து ஒரே போர்வையா வேணும்ணே" என்றார்
செல்லூர் மங்கையர்க்கரசி.
ஆறடிக்கு நாலடி.
மதுரையில் போர்வைக்கு வேலை
மார்கழியில் இருபது நாள்தான் என்றேன்.
"குளிருக்கு யாரு கேட்டா?"

இருபத்தாறு வருடமாய் ஜாக்கெட் தைப்பவன்.
அவரவர் உடம்புக்கு அளவெடுப்பேன்.
ஒரு குடும்பத்துக்கு
எந்த இடத்தில் டேப்பை வைப்பது?

முதலில் அவர் அம்மாவின் சுங்குடி, அரக்குச் சிவப்பு.
கட்டி அவிழ்த்த முடிச்சின் சுருக்கம்
புள்ளிக்குப் புள்ளி இன்னும் எழும்பி நிற்கிறது.
இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன், கையைப் பிடித்துவிட்டார்.
"அது இருக்கட்டும். காய்ச்சல்ல
அதத் தடவிக்கிட்டேதான் தூங்குவோம்
நானும் தம்பியும்."

அப்பாவின் வேட்டி. ஓரத்தில்
சேராங்கொட்டை மையில் சலவைக் குறி:
மூன்று புள்ளி, ஒரு கோடு.
நாலு வாடகை வீடு மாறியும் மாறாத விலாசம்.

பிறகு ஒரு காக்கிச் சட்டை.
கண்டக்டர் விசில் கோத்த கயிறு பையிலேயே கிடந்தது.
"அவரோட இப்பப் பேச்சில்ல.
ஆனா பதினாலு வருசம் துவைச்சது நான்.
அது என் உழைப்பு, போடுங்க."
போட்டேன், கால் பக்கமாக.

கத்தரி நன்றாக ஓடியது அன்று.
தொட்டில் சேலை, பள்ளிக்கூடத் தாவணி,
யாரோ கல்யாணத்துக்கு எடுத்து
யாருக்கும் பிடிக்காத ஒரு பச்சை பிளவுஸ் பிட்டு.

கடைசியில் நீலக் கட்டம் போட்ட சட்டை.
சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன்.
"அது வேணாம்ணே."
"பைக்குள்ள இருந்துச்சே?"
"போர்வையில வேணும். வெட்ட வேணாம்."

கூடலிங்கம். பத்தொன்பது வயது.
எதிர்சேவை ராத்திரி, தல்லாகுளம் தண்ணீர்ப் பந்தலில்
மோர் ஊற்றிக்கொண்டிருந்தவன்.
பானையைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு
கூட்டத்துக்குள் போனான். பதினோரு வருடம்.
"காணோம்னு எழுதிக் குடுக்கப் போனா
என்ன கலர் சட்டைன்னு கேட்டாங்க.
போட்டுட்டுப் போனது நெனப்பு வரலண்ணே.
இதுதான் வந்துச்சு.
பட்டன் வச்சுத் தாக்கான்னு காலையில குடுத்தான்.
அப்புறம் வைக்கிறேன்னு சொன்னேன்."

மூன்றாவது காஜாவுக்கு நேரே
இரண்டு இழை நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

நடுவில் வைத்தேன், முழுச் சட்டையாக,
கை இரண்டும் விரித்து.
மிஷின் தையல் இல்லை, கையால் ஓட்டுத் தையல்,
ஒரே நூல், முடிச்சு ஒரு பக்கம்தான்.
அதை அறுத்து இழுத்தால்
மூச்சு விடும் நேரத்தில் சட்டை தனியே வந்துவிடும்.
சொல்லிக் காட்டினேன்.
இழுத்துப் பார்க்கவா என்று கேட்டு
கேட்டதோடு விட்டுவிட்டார்.

நாளைக்கு வாருங்கள், காஜ் எடுத்து வைக்கிறேன் என்றேன்.

இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
திரும்ப அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பத்தொன்பதும் பதினொன்றும் முப்பது.
முப்பதுக்குத் தோள் இறங்காது, நெஞ்சு அகலும்,
நல்ல சாப்பாடு கிடைக்கிற இடமென்றால் வயிறும்.
போட்ட ஓட்டுத் தையலை நானே இழுத்தேன்.
பக்கத் தையலைப் பிரித்தேன்.
தைத்தவன் யாரோ, தாராளமானவன்,
உள்ளே துணி விட்டிருந்தான்.

மடிப்புக்குள் இருந்தது வெயில் படாத நீலம்.
கக்கத்திலிருந்து கீழ்விளிம்பு வரை
விரல் அகலத்துக்குப் புதுச் சட்டை.

காலையில் வந்தவர் போர்வையை விரித்ததும்
அந்தக் கோட்டில்தான் கை வைத்தார்.
கூலி பற்றிப் பேரம் பேசவில்லை.
பட்டன் டப்பாவைக் கிளறி
நாலு கண் வெள்ளைப் பட்டன் ஒன்றை எடுத்தார்.
ஊசியை நீட்டினேன், நூல் கோக்கவும் விடவில்லை என்னை.
ஸ்டூலில் உட்கார்ந்து, போர்வை மடி கொள்ளாமல் வழிய,
குனிந்தபடியே கேட்டார்:

"எவ்வளவு விட்டீங்க?"
"பக்கத்துக்கு ஒரு இஞ்ச்."
"காணுமா?"

"காணும்" என்றேன்.